வாஷர் கிடைத்ததா?

உள்ளே விட்டுவிட்டார்கள்! கிருலப்பனையில், ஹைலெவல் வீதியிலிருந்து சந்தைப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கை ஒன்றின் கோடியில், பச்சைத் தகரக் கேற் போட்ட கூரியர் ஹப் ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வரும் சின்னச் சின்னப் பொதிகளெல்லாம் கடைசி இரவைக் கழிப்பது அந்தக் கேற்றுக்குப் பின்னால்தான். சின்னக் கதவு எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கும். அந்த இடுக்கில் ஒரு மூட்டையின் காது, ஒரு மோட்டார் சைக்கிளின் பின் விளக்கு, கொஞ்சம் சிரிப்புச் சத்தம். தெருவுக்குத் தெரிவது அவ்வளவுதான். போன வியாழக்கிழமை காலை 6.40க்கு, மழைத் தூறலில், அந்தக் கதவு எனக்காக முழுதாகத் திறந்தது. நீங்களும் கூடவே வாருங்கள், குடையை வாசலிலேயே வைத்துவிடலாம்.

போன காரியம் ஒரு குக்கர் வாஷர். மூடிக்குள் போடும் கறுப்பு றப்பர் வளையம் இருக்கிறதே, அது. விலை 450 ரூபா, கொண்டுவந்து தரும் கூலி 400 ரூபா. ஓடர் போட்டு ஒன்பது நாள். விற்றவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால், கடைசி மூன்று நாளும் ஒரே வாசகம்: வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அந்த மூன்று நாளும் நான் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. குளிக்கப் போகும்போதும் போனைக் குளியலறைக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் போனேன். போனும் அடிக்கவில்லை, வாசல் மணியும் அடிக்கவில்லை. ஒரு வளையத்துக்கு இவ்வளவு கவலையா என்று நினைக்காதீர்கள். ஒன்பது நாளாகப் பருப்பைத் திறந்த சட்டியில் வேகவைத்துக்கொண்டிருப்பவளுக்கு அது பெரிய சாமான்தான்.

கேற்றில் நின்ற பெண்ணிடம் இலக்கத்தைக் காட்டினேன். ஹப்பின் பொறுப்பாளர் அவர்தான், எல்லோரும் "மிஸ்" என்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்காரர். என்னை ஈரத்தோடு மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாஷருக்கா மிஸ் இந்த மழையில வந்தீங்க? உள்ளுக்கு வாங்க. லொறி இப்ப வந்துரும், நீங்களே பாருங்க."

கால் பார்த்து வையுங்கள். தரை முழுக்க மஞ்சள் பெயின்ற்றால் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊர். நான் தெரியாமல் ஒரு கட்டத்துக்குள் நின்றுவிட்டேன். "மிஸ் நாரஹேன்பிட்டியில நிக்கிறாங்க!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். ஓர் எட்டு நகர்ந்தால் ஹெவ்லொக் டவுன், இன்னோர் எட்டில் பாமன்கடை. சுவரோரமாக வெள்ளவத்தைக்கு மட்டும் இரண்டு கட்டம், ஏனென்றால் அங்கே தொடர்மாடிகள் அவ்வளவு. கதவடியில் சோக்கட்டியால் அவசரமாகக் கீறிய கட்டம் கொட்டாஞ்சேனை. அந்தப் பக்கத்து ஹப்பில் கூரை வேலை நடப்பதால் இந்த மாதம் அதுவும் இங்கே வந்திருக்கிறது. கொழும்பையே பாயாக விரித்து அதன் மேல் நடப்பதுபோல் இருந்தது எனக்கு. ஹைலெவல் வீதிப் போக்குவரத்தில் அரை மணி நேரம் எடுக்கும் தூரத்தை ஆறு எட்டில் கடந்தேன்!

இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போகும் ஊர்தான் பெயர். "வெள்ளவத்தை, உன் ரெயின்கோட் சொட்டுது, தள்ளிப் போடு." "ஏய் நாரஹேன்பிட்டி, பிளேன்டீ ஆறுது." பாமன்கடை என்பவர் நுகேகொடையில் வீடுள்ள சிங்களப் பொடியன். வெள்ளவத்தை என்பவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து நான்கு வருடமான தம்பி. கொட்டாஞ்சேனை என்பவர் மாளிகாவத்தை முஸ்லிம், மூன்று பிள்ளைகளின் வாப்பா. மூன்று விதத் தமிழும் சிங்களமும் ஒரே மேசையில் குறுக்கும் மறுக்குமாகப் போகின்றன. யாரும் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. எல்லோருக்கும் விளங்குகிறது.

6.55க்கு லொறி வந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. வெள்ளைச் சாக்குகள் தோளிலிருந்து தோளுக்குப் போய்த் தரையில் விழுகின்றன. நாலு பேர் குனிந்து அள்ளுகிறார்கள், ஒருவர் ஸ்கேனரைக் காட்டுகிறார், டிக், டிக், டிக், பொதி பறந்து கட்டத்துக்குள் விழுகிறது. கட்டடத்தில் இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று நாரஹேன்பிட்டியை மட்டும் பார்த்தபடி நின்றுவிட்டது, திரும்பாது. ஏழரை ஆகும்போது எல்லோருடைய முதுகிலும் சேர்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு தம்பி கழுத்தில் போட்டிருந்த துவாயைப் பிழிந்தார். தண்ணீர் ஒழுகியது. வெளியே மழை, உள்ளே வேர்வை. நாம் வாசலில் கைநீட்டி வாங்கும் பொதி எப்போதும் உலர்ந்துதானே இருக்கும்!

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். சின்னப் பொதிகள்! அவற்றை இங்கே "பொடி" என்கிறார்கள். சிங்களத்திலும் பொடி என்றால் சின்னது, தமிழிலும் பொடி என்றால் சின்னது. இரண்டு மொழியும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் சொல். பெரிய பெட்டிக்கு மூலை இருக்கிறது, வைத்த இடத்தில் நிற்கும். பொடி அப்படியில்லை. வழுக்கும். சாக்கின் மடிப்புக்குள் ஒளியும். மழைக்காலத்தில் ஒரு பொலித்தீன் உறை இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். தராசில் காற்றுக்குச் சமம். ஆனால் ஒரு குளிர்சாதனப் பெட்டியை எத்தனை தடவை ஸ்கேன் செய்கிறார்களோ அத்தனை தடவை இதையும் ஸ்கேன் செய்ய வேண்டும், அதே தூரம் போக வேண்டும், அதே கோல் எடுக்க வேண்டும். 450 ரூபா வளையத்துக்கு எதற்கு 400 ரூபா கூலி என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, குனிந்து நிமிரும் அந்த முதுகுகளைப் பார்த்ததும் கணக்கு வேறு மாதிரித் தெரிந்தது. என் வளையத்தை மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் ஏழு கைகள் தொட்டிருக்கின்றனவாம்.

பொடிகளை வைத்து ஒரு விளையாட்டும் இருக்கிறது. தொட்டுப் பார்த்து உள்ளே என்னவென்று சொல்ல வேண்டும். "போன் கவர்." "இல்லடா, இது திரைச்சீலைக் கொக்கி, கேளு சத்தத்த." "தோடு!" "சீப்பு!" மூன்று நிமிடம் மும்முரமாகப் போட்டி நடக்கிறது. யார் சொன்னது சரி என்று ஒரு நாளும் தெரியவராது, பொதியைத் திறக்கக்கூடாதே! எனக்கும் ஒன்று தந்தார்கள். நீளமாக, மெல்லியதாக, நடுவில் ஒரு குமிழ். அகப்பை என்றேன். "நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் வெள்ளவத்தைத் தம்பி. அந்தச் சந்தோஷம் எனக்கு அன்று முழுக்கப் போதுமானதாக இருந்தது.

ஏழே முக்காலுக்கு ஓர் அம்மா இரண்டு பெரிய பையோடு நுழைந்தார். சோற்றுப் பார்சல்! சந்திப் பக்கம் காலையிலேயே சமைத்து விற்பவராம், இருபத்திரண்டு பார்சல். ரைடர்கள் இப்போதே வாங்கிக்கொண்டு போனால்தான் மத்தியானம் எங்காவது மரத்தடியில் சாப்பிடலாம். பத்திரிகைத் தாளில் சுற்றி எல்லாம் ஒரே மாதிரி. மேலே நீலப் பேனையால் ஒற்றை எழுத்து, சிங்களத்தில். மாலுவுக்கு மா, குகுல் மஸ் என்றால் கு, பித்தரவுக்கு பி. மீன், கோழி, முட்டை. பார்கோட் இல்லை, ஸ்கேனர் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இருபத்திரண்டும் அவரவர் கைக்குப் போய்விட்டது, ஒன்றுகூட மாறவில்லை. "இந்த அம்மாவ வேலைக்கு எடுத்தா எங்களுக்கு ஒரு பொதியும் தொலையாது" என்றார் மிஸ். அம்மா வெட்கப்பட்டுக் கொடுப்புக்குள் சிரித்தார்.

ரிட்டர்ன் என்றொரு பூனையும் உண்டு. மூன்று தடவை வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டும் திரும்பி வந்ததால் அந்தப் பெயர். அது படுத்திருப்பது திரும்பி வந்த பொதிகள் வைக்கும் கம்பிக் கூட்டின் மேல்தான்.

அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை. மேசையில் ஓர் ஐயா. தபால் திணைக்களத்தில் முப்பது வருடம் கடிதம் கொடுத்து, ஓய்வு பெற்று, இப்போது இங்கே விலாசம் வாசிப்பவர். ஆம், வேலையே அதுதான்! ஸ்கேனருக்குப் பிடிபடாத, ரைடருக்கு விளங்காத விலாசமெல்லாம் இவரிடம் வருகிறது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எழும்ப மனமேயில்லை.

ஒருவர் ஹை ஸ்ட்ரீட் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் போய் எத்தனையோ காலம், இப்போது அது டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை. இன்னொருவர் ஹெவ்லொக் வீதி, வேறொருவர் அதே வீதிக்குச் சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை. பழைய ஆட்கள் டூப்ளிகேஷன் வீதி என்றுதான் எழுதுவார்கள், வரைபடத்தில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை. கிறீன் பாத் என்று எழுதியதை ஐயா ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று மாற்றி எழுதினார். கொழும்பில் ஒவ்வொரு வீதிக்கும் கைக்குழந்தைப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்றார். வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்கு 37, 42, 57 என்று இலக்கம் இருக்கிறது, ஆனால் அதை எண்ணிக்கொண்டே நடந்து போய் வீட்டைப் பிடிக்க முடியாது. இடையிடையே பெயர் வைத்த வீதிகள் வந்து கணக்கைக் குழப்பும்.

அடுத்தது சரிவுக்கோடு. 27/3 என்றால் 27க்குப் பின்னால் பிரித்த மூன்றாவது துண்டு. 27/3-1/1 என்றால் அந்தத் துண்டின் மேல்மாடி. இதைச் சொல்லும்போது ஐயாவின் விரல் மேசையில் ஒழுங்கையாக நீண்டது, திரும்பியது, படியேறியது. ஒரு காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த கதை முழுவதும் அந்த இலக்கத்தில் இருக்கிறதாம். மூத்தவருக்கு முன் பக்கம், மகளுக்குச் சீதனமாகப் பின் பக்கம், கடைசிக்கு மேல்மாடி.

கொட்டாஞ்சேனை ரைடர் அப்போது ஒரு பொதியோடு வந்தார். "ஐயா, அட்ரஸ் ஈக்கி, ஊடு இல்ல." ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் சுவரோடு சுவராக ஒட்டிய சிறு வீடுகள். ஒரே இலக்கத்துக்குப் பின்னால் சரிவுக்கோடு போட்டு நாற்பது, ஐம்பது வரை போகும். நடைபாதை இரண்டு ஆள் விலகிப் போகும் அகலம். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணி டாங்கிய தாண்டி, மாதா கூட்டுக்கிட்ட இடது. அந்தத் தோட்டத்தில முன்னம் ஒரு தையல்கார அக்கா இருந்தாங்க, அவங்களக் கேளு." கொட்டாஞ்சேனை சிரித்தார். "அவங்களுக்குத்தான் நான் பிக்-அப் போறதே."

அந்த அக்கா குழந்தைச் சட்டை தைத்துப் பேஸ்புக்கில் விற்கிறார். இவர்தான் அவருடைய பொதிகளை எடுத்து வருவது. வாங்கியவர் கதவைத் திறக்காவிட்டால், அல்லது மனம் மாறி வேண்டாமென்றால், சட்டை ரிட்டர்ன் பூனையின் கூட்டுக்கு வரும். காசும் வராது, சட்டை கசங்கியும் இருக்கும். "அதால நான் கெஞ்சி எண்டாலும் குடுத்திட்டுத்தான் வாறது" என்றார். கொடுத்து முடித்த பொதிக்குத்தான் ரைடருக்கும் கணக்கு. திரும்பிய பொதிக்கு எரிந்த பெற்றோல் அவருடையது. கிருலப்பனையிலிருந்து பேஸ்லைன் வீதியைப் பிடித்து நாரஹேன்பிட்டி, பொரளை, தெமட்டகொடை தாண்டி வடக்கே போய்த் திரும்பும் ஆளுக்கு அது சின்னத் தொகையில்லை.

பெற்றோல் என்றதும் சுற்றி நின்றவர்களுக்கு 2022 ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபா, பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். நாலு லீற்றரில் எத்தனை வாசல்? மிச்சத்தை மிதித்தார்களாம்! அப்போது இங்கே மூன்று பேர் மிதிசைக்கிளில் பொதி கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் ஒன்று, பாமன்கடைத் தம்பியின் அப்பாவுடையது, இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சங்கிலியில் துரு, கரியரில் அதே றப்பர் பட்டி. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பொருளைக் கையில் கொடுத்துக் காசை வாங்கும் வேலை புதிதில்லை என்றார் ஐயா. வீ.பி.பி. ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவில் 1877இலேயே அது தொடங்கிவிட்டது. காசைக் கொடுத்தால்தான் தபால்காரர் பொதியைத் தருவார். இவரும் சைக்கிளில் அப்படிப் பொதி கொடுத்தவர்தான். இலங்கையில் 2016இல் டராஸ் என்ற இணையக் கடை வந்தது, 2018இல் அலிபாபா அதை வாங்கியது. அதற்குப் பிறகு நவம்பர் 11 மலிவு விற்பனை என்றால் ஹப்புகளுக்குத் தேர்த் திருவிழா. தீபாவளியும் சில வருடங்களில் அதோடு முட்டிக்கொள்ளும். "அந்தக் கிழமை இந்தக் கட்டம் ஒண்டும் தெரியாது மிஸ், எல்லாம் மல" என்றார் கொட்டாஞ்சேனை. நானும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். ஜப்பானில் யமட்டோ என்ற கொம்பனி 1976 ஜனவரி 20ஆம் திகதி வீட்டுக்கு வீடு பொதி கொண்டுபோகும் சேவையைத் தொடங்கியபோது, முதல் நாள் வந்தது வெறும் 11 பொதி. "பதினொண்டா! அது எங்கட வெள்ளவத்தை காலச் சாப்பாட்டுக்கு முந்திக் குடுத்திருவான்!" ஹப் முழுக்கச் சிரிப்பு.

எட்டரைக்கு ஒரு கச்சேரி தொடங்குகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். "ஹலோ, கூரியர் எக்கெங் கதா கரன்னே." "ஹலோ அக்கா, கூரியர்." "மேடம், பொதியொண்டு வந்திருக்கு, வீட்டில யாரும் நிப்பீங்களா?" பதினைந்து குரல், மூன்று மொழி, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே. பாதிக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. மக்களைக் குறை சொல்ல முடியாது என்றார் மிஸ். தபால் திணைக்களத்தின் பெயரிலேயே பொய்க் குறுஞ்செய்தி அனுப்பிக் காசு பறிக்கும் காலம் இது. தெரியாத இலக்கம் என்றால் பயம். ஆனால் ரைடரின் இலக்கம் எப்போதும் தெரியாத இலக்கம்தானே! இந்தக் கோல் எடுபடாததால் எத்தனை சட்டை, எத்தனை தோடு, எத்தனை திரைச்சீலைக் கொக்கி அந்தக் கம்பிக் கூட்டுக்குள் போய்ச் சேருகிறது என்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

"மிஸ், உங்க நம்பர் சொல்லுங்க" என்றார் ஐயா. சொன்னேன், 077 என்று தொடங்கி. அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்க 071."

விற்றவர் கையால் எழுதிய தாளைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த 7 நிமிர்ந்து நின்றிருக்கிறது, பார்ப்பவருக்கு 1. இரண்டுமே இங்கே இருக்கும் இலக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் தொடர்மாடியின் இலக்கமும் லேபிளில் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டுவிட்டது. மிச்சமிருந்தது ஒழுங்கையும் இந்தப் போன் இலக்கமும். ஐயா ஒரு கடதாசித் துண்டை இழுத்து எனக்கு ஒரு 7 எழுதிக் காட்டினார், நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. "ஏழுக்கு அரைஞாண் கட்டோணும் பிள்ளை. முப்பது வருஷமா நான் கட்டாம விட்டதில்ல." நீங்களும் கட்டுங்கள், தயவுசெய்து.

அப்போதுதான் வெள்ளவத்தைத் தம்பி "ஐயோ, அந்த வாஷர் நீங்களா அக்கா?" என்று கத்தினார். கையிலிருந்த ரெயின்கோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூன்று நாளும் ஒழுங்கை வாசலில் நின்று அவர் கோல் எடுத்திருக்கிறார். எடுத்தது குருணாகலில் இருக்கும் ஒரு சிங்கள ஐயா. முதல் நாள் பிழையான இலக்கம் என்று வைத்துவிட்டார். இரண்டாம் நாள், என்ன சாமான் என்று கேட்டிருக்கிறார். பொதியின் மேல் விற்றவர் எழுதியிருந்ததால் தம்பியும் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் தம்பி கேட்பதற்கு முன்னமே குருணாகல் ஐயா கேட்டாராம், "அர வொஷர் எக்க லெபுணாத?" அந்த வாஷர் கிடைத்ததா? யாருடைய வீட்டிலோ சமையல் நின்றிருக்குமே என்று அவருக்குக் கவலை. முன்பின் தெரியாத ஒரு மனிதர், நூறு கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருந்துகொண்டு, என் குக்கரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரெயின்கோட்டை உதறினார்.

சரி, வளையம் எங்கே? வெள்ளவத்தைக் கட்டத்தில் இல்லை. இரண்டாவது கட்டத்திலும் இல்லை. மிஸ் கையைத் தட்டினார், எல்லோரும் இறங்கினார்கள். சாக்குகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளியே வரப் புரட்டி உதறினார்கள், பொடி தொலைந்தால் முதலில் செய்வது அதுதானாம். ஒரு சாக்கிலிருந்து போன மாதத்துச் சீப்பு ஒன்று விழுந்தது. இன்னொன்றிலிருந்து ஒற்றை மாலு பாண், யாரும் உரிமை கோரவில்லை. பூனை எழும்பி வந்து அதை எடுத்துக்கொண்டது. பத்து நிமிடம். நானும் முழங்காலில் நின்று தேடினேன், சேலைக் கரையெல்லாம் தூசி. கடைசியில் பாமன்கடைத் தம்பி தன் மோட்டார் சைக்கிளில் ஏற்கெனவே கட்டிய ஒரு பெட்டியைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்தில், ஈரத்தில் இளகிய டேப்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு சாம்பல் நிற உறை. வட்டமாக. "வொஷர்!" கைதட்டல்! யாரோ விசில்கூட அடித்தார்கள். சரியாகக் குக்கர் விசில்போலவே!

கை நீட்டினேன். மிஸ் தரவில்லை. விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துதான் பொதி முடியுமாம். இங்கே தந்தால் தம்பிக்குக் கணக்கு வராது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இலக்கத்தைத் திருத்தி, புது லேபிள் ஒட்டி, வெள்ளவத்தைப் பையில் முதல் ஆளாக வைத்தார்கள். தம்பி முன்னால் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் ஓட்டோவில். "அந்தப் பொடியனத் தொடர்ந்து போங்கோ" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னபோது எனக்குள் ஒரு குதூகலம்!

ஹைலெவல் வீதிக்கு ஏறும் இடத்திலேயே தம்பி நின்றார். 138 பஸ் ஒன்று தரிப்பில் நிற்க, கொண்டக்டர் கம்பியில் தொங்கியபடி ஒரு கட்டு நூறு ரூபா நோட்டை நீட்டினார். தம்பி ஓர் ஐயாயிரத்தாளைக் கொடுத்தார். ஐந்து விநாடி, பஸ் போய்விட்டது. இது தினமும் நடக்கும் காரியமாம். 850 ரூபாப் பொதிக்கு வாசலில் ஐயாயிரத்தாள் நீட்டுகிற வீடுகள் அவ்வளவு. மாற்றக் காசில்லாவிட்டால் அந்தப் பொதியும் திரும்பத்தான் வேண்டும். கொண்டக்டருக்குப் பெரிய நோட்டு வேண்டும், ரைடருக்குச் சில்லறை வேண்டும்.

கால்வாயைக் கடந்து, பாமன்கடை வழியாக, டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையில் இறங்கினோம். ஆடிவேல் காலத்தில் தேர் வரும் நாளில் காலி வீதிப் பக்கம் தலைவைக்கவே முடியாது, ஒழுங்கைக்கு ஒழுங்கை சந்து பிடித்துத்தான் போவேன் என்று சமிக்ஞையில் நிற்கும்போது தம்பி கத்திச் சொன்னார். என் வீட்டுக்கு முன் ஒரு பொதி இருந்தது. பழைய தொடர்மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை, நாலாவது மாடி. தம்பி ஹோர்ன் அடிக்கவில்லை, மணி அடிக்கவில்லை, சும்மா அண்ணாந்து பார்த்தார். பல்கனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. மேலே வெள்ளைத் தலை ஒன்று. "தம்பி, மேல ஏறி வராதை, காசு உதுக்குள்ள கிடக்கு. வடையும் ரெண்டு வைச்சனான், சூடு ஆறமுந்திச் சாப்பிடு." காசை எடுத்து, பொதியை வைத்து, கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். கூடை ஏறியது. ஒரு வடை எனக்கு வந்தது. உழுந்து வடை, இன்னும் சுட்டது.

என் ஒழுங்கை. என் தொடர்மாடி வாசல். ஓட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், தம்பி மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார், என்னிலிருந்து மூன்றடி தூரத்தில். என் கைப்பைக்குள் போன் அடித்தது. தெரியாத இலக்கம். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஹலோ அக்கா, கூரியர். பொதியொண்டு வந்திருக்கு. வீட்டில இருக்கீங்களா?"

"இருக்கிறன் தம்பி, வாங்கோ" என்றேன்.

850 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன், மாற்றிய காசாகவே. அவர் ஸ்கேனரைக் காட்டினார், டிக். பிறகு போகவில்லை. இன்னொரு கோல் எடுத்தார், ஒலிபெருக்கியைப் போட்டு நம் இரண்டு பேருக்கும் நடுவில் போனைப் பிடித்தார். குருணாகலில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் சேவல் ஒன்று கூவியது.

"அங்கள், வொஷர் எக்க லெபுணா!"

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. பிறகு வீட்டுக்குள் திரும்பி யாருக்கோ அதையே கூவிச் சொல்லும் சத்தம்.